நாலு ஆபீஸ், நாலு பதில்: உங்க மனையில என்ன கட்டலாம்னு யாரு முடிவு பண்றாங்க?

வணக்கம் தம்பி,

உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். இதே மாதிரி பத்திரத்தை மஞ்சப்பையில சுருட்டி வெச்சுக்கிட்டு என் டேபிளுக்கு எதிர்ல வந்து உக்காந்தவங்க முகமெல்லாம் ஞாபகத்துக்கு வந்துடுச்சு. இதைப் படிக்கிற மத்தவங்களுக்காக நீங்க எழுதினதை சுருக்கமா சொல்லிடறேன். 2011-ல டவுனுக்கு வெளிய 6 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துல மூணரை சென்ட் மனை வாங்கியிருக்கீங்க, நோட்டீஸ்ல ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’னு பெருசா போட்டிருந்தாங்க, கிரயம் பதிவாயிடுச்சு, பட்டாவும் உங்க பேருக்கு மாறிடுச்சு. இப்ப வீடு கட்டலாம்னு லோனுக்குப் போனா பேங்க்ல பிளான் அப்ரூவல் கேக்கறாங்க. ஊராட்சி செயலர் டிடிசிபி (மாநில அரசோட நகர் ஊரமைப்பு இயக்ககம்) போங்கன்றாரு, டிடிசிபில ‘மாஸ்டர் பிளான்ல இது விவசாய உபயோகம், மேற்குப் பக்கம் 60 அடி திட்டச் சாலை வேற வருது’ன்றாங்க, தாலுகா ஆபீஸ்ல ‘உங்க பட்டாவுல ஒரு குறையும் இல்ல’ன்றாங்க, டீக்கடையில ‘டெல்லில இருந்து பைபாஸ் வருது, மொத்தமும் போயிடும்’ன்றாங்க. கடைசில ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க: "இதுல யாரு சார் பெரியவங்க? கலெக்டர்கிட்ட மனு கொடுத்தா மத்தவங்க எல்லாம் கேட்டுக்குவாங்களா?"

முதல்ல இதைச் சொல்லிடறேன், டீக்கடையைத் தவிர மத்த மூணு ஆபீஸ்லயும் உங்ககிட்ட யாரும் பொய் சொல்லல. பதில் ஒண்ணுக்கொண்ணு மோதற மாதிரி தெரியறதுக்குக் காரணம், ஒவ்வொரு ஆபீஸும் உங்க மனையைப் பத்தி வேற வேற கேள்விக்கு பதில் சொல்லுது. நிலம் யார் பேர்ல இருக்குன்றது தாலுகா ஆபீஸ் கேள்வி, அந்த நிலத்தை எதுக்குப் பயன்படுத்தலாம்ன்றது டிடிசிபி கேள்வி, அதுல கட்டற கட்டடத்துக்கு பெர்மிட் யார் கையெழுத்துன்றது ஊராட்சி கேள்வி, நெடுஞ்சாலைக்கு நிலத்தை எடுக்கறாங்களான்றது டீக்கடை சொல்ற டெல்லி கேள்வி, அது நாலாவது. ஒரு கேள்விக்கு கிடைச்ச நல்ல பதிலை இன்னொரு கேள்விக்கு பதிலா காட்ட முடியாது, பட்டா எவ்வளவு கிளீனா இருந்தாலும் விவசாய உபயோகம் குடியிருப்பு ஆயிடாது. இது புரிஞ்சிட்டா உங்க அலைச்சல்ல பாதி கொறஞ்சிடும். நாலு ஆபீஸையும் படிக்கட்டு மாதிரி நெனைச்சு மேல்படியைத் தேடறீங்க, அது படிக்கட்டு இல்ல, ஒரே நிலத்து மேல போட்டிருக்கிற நாலு தனித்தனி மேப்பு. அந்த நாலு மேப்பையும் ஒரே டேபிள்ல விரிச்சு வெச்சு பாக்கற ஆபீஸ்னு ஒண்ணு நம்ம ஊர்ல கெடையாது. எல்லாம் வந்து சேர்ற இடம் உங்க சர்வே நம்பர் மட்டும்தான், அதனால அந்த வேலையை நீங்கதான் செய்யணும், எப்படின்னு கீழ சொல்றேன்.

டெல்லியில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா பயம் அங்கதான் அதிகமா இருக்கு, உண்மையில அதிகாரம் அங்க கம்மி. அரசியலமைப்புச் சட்டத்தோட ஏழாவது அட்டவணைல நிலம், உள்ளாட்சி ரெண்டும் மாநிலப் பட்டியல்ல இருக்கு. அதனால உங்க கிராமத்துக்கு மாஸ்டர் பிளான் போடற வேலை மத்திய அரசுக்கு இல்ல. அங்க 1962-ல இருந்து நகர் ஊரமைப்புக்குன்னு ஒரு அமைப்பு இருக்கு, அது வழிகாட்டுதல் எழுதிக் கொடுக்கும், மாதிரிச் சட்டம் எழுதிக் கொடுக்கும், அதை மாநிலம் எடுத்துக்கலாம், எடுத்துக்காமயும் விடலாம். ஆனா டெல்லி வேற வழியா உங்க நிலத்துக்குள்ள வரும். கடலோரம்னா அலை ஏத்தக் கோட்டுல இருந்து 500 மீட்டர் வரைக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, தொல்லியல் துறை பாதுகாக்கிற பழைய கோயில் கோட்டை பக்கத்துலன்னா முதல் 100 மீட்டருக்குள்ள புதுசா கட்டவே கூடாது, அதுக்கு மேல 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும், ஏர்போர்ட் பக்கம்னா கட்டடம் எவ்வளவு உயரம் போகலாம்ன்றது அவங்க கையில. தேசிய நெடுஞ்சாலை வந்தா மொத்தக் கதையும் மாறிடும், அதைப் பின்னாடி பேசலாம். உங்க ஊர் கடலோரமும் இல்ல, ஏர்போர்ட்டும் பக்கத்துல இல்ல, அதனால உங்களுக்கு டெல்லின்னா அந்த பைபாஸ் மட்டும்தான்.

உண்மையான அதிகாரம் மாநிலத்துல இருக்கு. நம்ம ஊர்ல இதுக்குன்னு முதல் சட்டம் 1920-லயே வந்துடுச்சு, இப்ப நடக்கறது 1971-ம் வருஷத்து தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். இந்தச் சட்டத்துல அரசு ஒரு பகுதியை ‘உள்ளூர் திட்டப் பகுதி’ன்னு அறிவிக்கும், அதுக்கு ஒரு திட்டக் குழுமம் அமைக்கும். சில ஊர்ல நகராட்சியே அந்தக் குழுமமா இருக்கும், சில ஊர்ல நகராட்சியும் சுத்தி இருக்கிற ஊராட்சிகளும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழுமமா இருக்கும், அதுல உறுப்பினர் செயலரா டிடிசிபி அதிகாரி உக்காந்திருப்பாரு. சென்னைக்கு சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். சென்னைப் பெருநகர எல்லை ரொம்ப வருஷமா 1,189 சதுர கிலோமீட்டரா இருந்துச்சு, 2022-ல 5,904 சதுர கிலோமீட்டரா அரசு விரிச்சது, அதுவரைக்கும் டிடிசிபிக்கு போயிட்டிருந்த எத்தனையோ கிராமம் ஒரு அரசாணையில வேற குழுமத்தோட மேப்புக்குள்ள போச்சு. கிராமத்துல யாரும் வந்து தண்டோரா போடறதில்ல. உங்க கிராமமும் அப்படித்தான் ஒரு நாள் டவுனோட திட்டப் பகுதிக்குள்ள வந்திருக்கு. அந்த ஊராட்சித் தலைவருக்கே அது அன்னைக்கு சரியா தெரிஞ்சிருக்காதுன்னு நெனைக்கறேன்.

மாஸ்டர் பிளான், தமிழ்ல முழுமைத் திட்டம், எப்படி வருதுன்னு கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா நம்ம ஜனங்க கோட்டை விடறது இங்கதான். குழுமம் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் இப்ப என்ன உபயோகம்னு பாத்து, இனிமே எங்க வீடு, எங்க தொழிற்சாலை, எங்க விவசாயம், எங்க ரோடுன்னு கலர் போட்டு வரைவு தயாரிக்கும். அரசு சம்மதிச்ச பிறகு அரசிதழ்லயும் பேப்பர்லயும் அறிவிப்பு வரும். அதுல இருந்து குறைஞ்சது ரெண்டு மாசம் ஆட்சேபனை, ஆலோசனை சொல்ல நேரம் கொடுக்கணும்னு சட்டம் சொல்லுது. அதெல்லாம் பாத்து திருத்தின பிறகு அரசு ஒப்புதல் கொடுத்து மறுபடியும் அரசிதழ்ல வந்துடுச்சுன்னா அதுதான் சட்டம், அதுக்கப்புறம் அந்த நிலத்துல எது பண்ணாலும் அந்தக் கலருக்கு ஒத்துப்போகணும். அப்ப ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் கொடுத்தா பைசா செலவில்லாம மாத்தியிருக்கக்கூடியதை அப்புறம் மாத்தணும்னா நில உபயோக மாற்றத்துக்கு விண்ணப்பம், கட்டணம், பேப்பர் விளம்பரம், அரசாணைன்னு வருஷக்கணக்குல இழுக்கும்.

அந்த மாதிரி ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன், ஒரு கல்யாண மண்டபம், சுவத்துல ஆறு பெரிய மேப்பு, நாற்காலி 200 போட்டிருந்தாங்க, வந்தது அம்பது பேர்கூட இருக்காது, அதுல பாதி ரியல் எஸ்டேட் ஆளுங்க. அவங்க கரெக்டா வராங்க பாருங்க, அவங்களுக்குத் தெரியும் காசு எங்க இருக்குன்னு. ஒரு விவசாயி, அறுபது வயசு இருக்கும், செல்போன் டார்ச்சை அடிச்சு மேப்புல விரலை வெச்சு வெச்சு தேடிட்டிருந்தாரு, மேப்புல சர்வே நம்பர் எறும்பு சைஸ்ல இருக்கும், அரை மணி நேரம் ஆச்சு அவருக்கு. கடைசில அவர் கிணறு இருந்த இடம் தொழிற்சாலை உபயோகம்னு ஊதா கலர்ல இருந்துச்சு. அங்கயே உக்காந்து எழுதினோம், சர்வே நம்பர், விஸ்தீரணம், கிணறு, பம்ப் செட் கனெக்‌ஷன் எல்லாம் போட்டு. இறுதித் திட்டத்துல அந்தத் துண்டு பச்சையாவே வந்துச்சு. இதுல என் பங்கு ஒண்ணும் பெருசில்ல, அவர் அன்னைக்கு வந்தாரு, அவ்வளவுதான்.

இப்ப உள்ளாட்சி. 1992-ல ஊராட்சி, நகராட்சிகளுக்காக அரசியலமைப்புல 73, 74-வது திருத்தம் வந்தப்ப என்னை மாதிரி அப்ப நகரத் திட்டமிடல் தொழில்ல புதுசா இருந்தவங்களுக்கு ரொம்ப நம்பிக்கை இருந்துச்சு. பன்னிரண்டாவது அட்டவணைல நகராட்சிகளுக்கு கொடுக்கலாம்னு சொன்ன 18 வேலைல முதல் வேலையே நகரத் திட்டமிடல், ரெண்டாவது நில உபயோகத்தை ஒழுங்குபடுத்தறது. ஆனா சட்டத்துல ‘கொடுக்கணும்’னு இல்ல, மாநிலம் விரும்பினா ‘கொடுக்கலாம்’னுதான் இருக்கு. அந்த ஒரு வார்த்தைலயே எல்லாம் நின்னுபோச்சு. மாவட்டத் திட்டக் குழுன்னு ஒண்ணு வரணும், அதுல அஞ்சுல நாலு பங்கு உறுப்பினர்கள் மாவட்டத்துல ஜெயிச்ச ஊராட்சி, நகராட்சி ஆளுங்கள்ல இருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவங்களா இருக்கணும், கிராமத்துத் திட்டத்தையும் டவுன் திட்டத்தையும் அது ஒண்ணா சேக்கணும்னு அரசியலமைப்புலயே எழுதியிருக்கு. உங்க பிரச்சினைக்கு சரியான மேடை அதுதான், டவுன் விரிஞ்சு கிராமத்துக்குள்ள வர்ற இடத்துல ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல உக்காந்து பேசறதுக்குன்னே உண்டாக்கினது. ஆனா நில உபயோகம் முடிவாகறது திட்டக் குழுமத்துலயும் கோட்டையிலயும்தான், மாவட்டத் திட்டக் குழு கூடி ஒரு கிராமத்தோட கலரை மாத்தினதை நான் பாத்ததில்ல. ஓட்டு கேக்க வர்ற கவுன்சிலருக்கும் தலைவருக்கும் உங்க நிலத்து கலர் மேல அதிகாரம் இருந்திருந்தா நீங்க இவ்வளவு அலைஞ்சிருக்க மாட்டீங்க. அதிகாரத்தை மட்டும் கொடுத்தா பத்தாது, திட்டமிடத் தெரிஞ்ச ஒரு ஆளையாவது ஒன்றியத்துக்கு ஒருத்தர்னு போடணும், அதையும் சேத்தே சொல்றேன்.

‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ன்ற வார்த்தை உங்களை மாதிரி எத்தனையோ பேரோட சேமிப்பைத் தின்னிருக்கு. லேஅவுட்டுக்கு ஊராட்சி தானா அப்ரூவல் கொடுக்க முடியாது, டிடிசிபியோட தொழில்நுட்ப ஒப்புதல் முதல்ல வரணும், அதுக்கப்புறம் ஊராட்சி இறுதி அனுமதி கொடுக்கும், ரெண்டும் சேந்தாதான் அப்ரூவல். ஆனா அந்தக் காலத்துல புரமோட்டர் ஒரு வரைபடத்தை எடுத்துட்டுப் போயி தலைவர்கிட்ட ஒரு கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் வாங்கி அதையே நோட்டீஸ்ல அடிச்சிட்டாங்க, பதிவு ஆபீஸும் பதிஞ்சுக்கிச்சு. முறையான லேஅவுட்ல புரமோட்டர் ரோடை எல்லாம் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்குக் கொடுத்திருப்பாரு, பெரிய லேஅவுட்டுன்னா பார்க்குக்கு 10 சதவீதம் இடமும் போகும். உங்க மனை முன்னாடி இருக்கிற மண் ரோடோட பட்டா யார் பேர்ல இருக்குன்னு ஒரு தடவை ஆன்லைன்ல பாருங்க. அது இன்னும் புரமோட்டர் பேர்லயோ நிலம் வித்த விவசாயி பேர்லயோ இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, அப்படி இருந்தா அந்த ரோட்டுல தார் போடவும், சாக்கடை கட்டவும், தெருவிளக்கு போடவும் ஊராட்சி தயங்கும்.

சரி, உங்களுக்கு என்ன வழி? மனம் தளராதீங்க, உங்க தேதி உங்களுக்கு சாதகமா இருக்கு. 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாதுன்னு நிறுத்திச்சு, அதுக்கப்புறம் 2017 மே மாசம் அரசு முறைப்படுத்தும் விதிகள் கொண்டு வந்துச்சு, அதுல 2016 அக்டோபர் 20-ம் தேதிக்குள்ள பதிவான மனைங்களை முறைப்படுத்தலாம். உங்க கிரயம் 2011, தாராளமா உள்ள வருது. இதுல ரெண்டு கட்டம் இருக்கு, முதல்ல மொத்த லேஅவுட்டோட சாலை அமைப்புக்கு கொள்கை அளவுல ஒப்புதல், அப்புறம் தனித்தனி மனைக்கு முறைப்படுத்தும் ஆணை. அதனால தனியா ஓடாதீங்க, அதே லேஅவுட்ல வீடு கட்டியிருக்கிறவங்க, மனை வாங்கியிருக்கிறவங்க நாலஞ்சு பேரைச் சேருங்க, யாராவது ஏற்கெனவே முறைப்படுத்தியிருந்தா முதல் கட்டம் முடிஞ்சிருக்கும், அந்த ஆணையோட நகல் கையில இருந்தா உங்க வேலை பாதி முடிஞ்ச மாதிரி. விண்ணப்பிக்கறதுக்கு கடைசி நாளை அரசு பல தடவை நீட்டிச்சிருக்கு, இன்னைக்கு நிலவரம் என்னன்னு மாவட்ட டிடிசிபி ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டுங்க, நடுவுல எந்த புரோக்கரும் வேண்டாம். அங்கயே ‘விவசாய உபயோகம்னு இருக்கிற இந்த சர்வே நம்பர்ல மனையை முறைப்படுத்தினா நில உபயோக மாற்றம் தனியா வாங்கணுமா’ன்னு எழுதிக் கேளுங்க. வாயால கேக்காதீங்க, வாயால சொன்ன பதிலை பேங்க் ஏத்துக்காது.

நீர்நிலைப் புறம்போக்கு, வாய்க்கால், பொதுச் சாலைக்குன்னு குறிச்ச இடம் இதெல்லாம் முறைப்படுத்த மாட்டாங்க. அதனாலதான் அந்த 60 அடி சாலை உங்களுக்கு விவசாய கலரை விடப் பெரிய பிரச்சினை.

அந்தச் சாலை எந்தத் திட்டத்துல வந்ததுன்னு முதல்ல கண்டுபிடிங்க. மாஸ்டர் பிளான் சாலையா, இல்ல அதுக்குக் கீழ சின்னப் பகுதிக்குன்னு போடற விரிவான வளர்ச்சித் திட்டத்துல வந்த சாலையா? ரெண்டையும் பொதுவா ‘ஸ்கீம் ரோடு’ன்னுதான் சொல்லுவாங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போட்டு, உங்க சர்வே நம்பர் இருக்கிற வரைபடத்தோட நகல், திட்டம் அரசிதழ்ல வந்த தேதி, ஒப்புதல் ஆன தேதி, அந்தச் சாலைக்கு நிலம் எடுக்க எப்பவாவது அறிவிப்பு வந்ததான்னு நாலையும் கேளுங்க. வரைபடம் வந்ததும் ஒரு லைசென்ஸ்டு சர்வேயரை வெச்சு உங்க எஃப்எம்பி (சர்வே நம்பரோட புல வரைபடம்) மேல அந்தச் சாலையை ஏத்திப் பாருங்க, 60 அடில உங்க மனைக்குள்ள வர்றது 4 அடியா, 20 அடியா, இல்ல பக்கத்து மனையோட நின்னுடுதான்னு அப்பதான் தெரியும். கவுன்ட்டர்ல ‘மேற்குப் பக்கம்’னு சொன்னதை வெச்சு பயந்துடாதீங்க, சின்ன ஸ்கேல் மேப்புல ஒரு பேனாக் கோட்டோட தடிமனே நிலத்துல பல அடி வரும்.

அந்தத் தேதிகளை ஏன் கேக்கச் சொல்றேன்னா, அதே 1971 சட்டத்தோட 38-வது பிரிவு. திட்டத்தோட அறிவிப்பு அரசிதழ்ல வந்து மூணு வருஷத்துக்குள்ள, ஒதுக்கின நிலத்தை எடுக்கறதுக்கான அறிவிக்கை வரலன்னாலோ, பேசி வாங்கிக்கலன்னாலோ அந்த ஒதுக்கீட்டுல இருந்து நிலம் விடுவிக்கப்பட்டதா கருதணும்னு அதுல இருக்கு. பல வழக்குல உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை வெச்சு நிலத்தை விடுவிச்சிருக்கு. ஆனா சட்டத்துல விடுவிச்சாச்சுன்னு இருந்தாலும் ஆபீஸ் மேப்புல அந்தக் கோடு அப்படியேதான் இருக்கும், அதைத் தானா யாரும் அழிக்க மாட்டாங்க, நீங்க கேட்டு எழுத்துல வாங்கணும், இல்லன்னா கோர்ட்டு. ஒரு அம்மா எங்கிட்ட வந்தாங்க, வீட்டுக்காரர் போயிட்டாரு, பொண்ணு கல்யாணத்துக்கு வீட்டை விக்கணும், வாங்க வந்தவங்க எல்லாம் ஸ்கீம் ரோடுன்னதும் திரும்பிப் போயிட்டாங்க. ஆபீஸ்ல அந்தப் பழைய வரைபடத்தை எடுத்து விரிச்சாங்க, பின்னாடி துணி ஒட்டின ஷீட்டு, மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு, சரியா அவங்க சமையக்கட்டு வர்ற இடத்துல செவப்புக் கோடு. போட்டது எப்பவோ, அந்த ரோடு ரெண்டு முனையிலயும் எந்த ரோட்டோடயும் சேரவே இல்ல, நடுவுல மூணு தெரு வீடாயிடுச்சு. அந்தக் கோட்டுக்கு கீழ இருபது வருஷமா அவங்க சமைச்சிருக்காங்க, யாரும் வந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. 38-வது பிரிவை வெச்சு ஒரு வக்கீல் மூலமா போயி விடுவிச்சோம், ஆனா அதுக்கு ஆன காலத்துல பொண்ணு கல்யாணம் கடன் வாங்கித்தான் நடந்துச்சு.

1915-ல பாட்ரிக் கெடஸ்னு ஒரு ஸ்காட்லாந்து நகரத் திட்ட நிபுணர் சென்னை மாகாணத்துக்கு வந்து ஊர் ஊரா நடந்து பாத்து அறிக்கை எழுதினாரு. தஞ்சாவூர் கோட்டைக்குள்ள நேர்க்கோட்டுல ரோடு வெட்டி வீடுங்களை இடிக்கப் போட்டிருந்த திட்டத்தைப் பாத்துட்டு, அதுக்குப் பதிலா இருக்கிற சந்துகளையே அங்கங்க கொஞ்சம் அகலப்படுத்தி, பாழான வீட்டு இடத்தை மட்டும் திறந்துவிட்டா போதும்னு வரைஞ்சு காட்டினாரு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, தெருவுல நடந்து பாத்துட்டு கோடு போடற பழக்கம் இன்னும் நமக்கு வரல. இந்த வேலைல இருக்கிற இளைஞர்கள் யாராவது இதைப் படிச்சா, தயவு செஞ்சு கோடு போடறதுக்கு முன்னாடி அந்த இடத்துக்கு ஒரு தடவை போங்க, ட்ரோன் படம் மட்டும் பாக்காதீங்க.

பைபாஸ் விஷயத்துக்கு வர்றேன். தேசிய நெடுஞ்சாலைன்னா 1956-ம் வருஷத்து சட்டத்துல மத்திய அரசு நிலம் எடுக்கும். முதல்ல நிலம் எடுக்கப் போறோம்னு 3ஏ பிரிவு அறிவிக்கை வரும், அதோட சாரம் ரெண்டு பேப்பர்ல போடணும், ஒண்ணு தமிழ்ப் பேப்பரா இருக்கணும், அதுல சர்வே நம்பர் வரிசையா இருக்கும். ஆட்சேபனைக்கு அரசிதழ்ல வந்த நாள்ல இருந்து 21 நாள்தான், மாஸ்டர் பிளானுக்கு ரெண்டு மாசம்னா இதுக்கு மூணு வாரம். அதுக்கப்புறம் 3டி பிரிவு அறிவிக்கை வந்துடுச்சுன்னா நிலம் அரசுக்குப் போயிடுச்சு, இழப்பீட்டை மட்டும்தான் பேச முடியும், அந்த இழப்பீடு 2013-ம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டத்தோட கணக்குப்படி வரும். மாநில நெடுஞ்சாலைத் துறை போடற பைபாஸ்னா 2001-ம் வருஷத்து தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம், அதுல நிலத்துக்காரங்களுக்கு ஏன் எடுக்கக் கூடாதுன்னு கேட்டு நோட்டீஸ் வரும். ரெண்டுலயும் சர்வே நம்பர் இல்லாம எதுவும் நடக்காது. டீக்கடையில யாராவது சொன்னா ‘எந்த சர்வே நம்பர், எந்தத் தேதி அரசிதழ்’னு கேளுங்க, பதில் இல்லன்னா அது இன்னும் பேச்சுதான். பைபாஸ் வருதுன்னு பயமுறுத்தி மனையை அடிமாட்டு விலைக்கு வாங்கறவங்களும் இருக்காங்க, பைபாஸ் வருதுன்னு ஆசை காட்டி ரெண்டு மடங்குக்கு விக்கறவங்களும் இருக்காங்க, ரெண்டும் ஒரே கூட்டம்தான்.

என்னை ரொம்ப வேதனைப்படுத்தறது, மாநிலத்தோட மாஸ்டர் பிளான்ல ஒரு வெளிவட்டச் சாலை இருக்கும், டெல்லி கன்சல்டன்ட் போட்ட பைபாஸ் அதுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போகும், ரெண்டுக்கும் நடுவுல மாட்டின கிராமம் ரெண்டு கோட்டுக்கும் பயந்துக்கிட்டு வீடும் கட்டாம, விக்கவும் முடியாம கெடக்கும். பைபாஸ் வந்ததும் மாஸ்டர் பிளான்ல இருக்கிற வெளிவட்டச் சாலைக் கோட்டை எடுத்துடலாம், அதுக்கு சட்டத்துலயே வழி இருக்கு, யாராவது ஒருத்தர் ஃபைலை எடுத்து ஆரம்பிக்கணும்.

கலெக்டர் மனுவைப் பத்திக் கேட்டீங்க. திங்கட்கிழமை குறைதீர் நாள்ல கண்டிப்பா கொடுங்க, ஆனா எதைக் கேக்கணும்னு தெரிஞ்சு கொடுங்க. ‘என் மனைக்கு அப்ரூவல் வாங்கிக் கொடுங்க’ன்னு எழுதினா அது நேரா டிடிசிபிக்குத்தான் திரும்பி வரும், மாஸ்டர் பிளானை கலெக்டர் மாத்த முடியாது. லேஅவுட் ரோட்டை எஃப்எம்பில சப்டிவிஷன் (தனி உட்பிரிவு) பண்ணித் தரணும், பக்கத்துல வாய்க்கால் புறம்போக்கு எங்க முடியுதுன்னு அளந்து காட்டணும், இந்த மாதிரி விஷயத்தைக் கேளுங்க, அது அவர் கையில இருக்கு, உத்தரவு போட்டா சர்வேயர் வருவாரு.

மனை முறைப்படுத்தி முடிஞ்சு, ரோடு கோடும் உங்க மேல விழலன்னா, வீட்டு பெர்மிட் இப்ப அவ்வளவு கஷ்டம் இல்ல. 2024 ஜூலைல வந்த சுயசான்றிதழ் முறைல 2,500 சதுர அடி வரைக்கும் இருக்கிற மனைல 3,500 சதுர அடிக்குள்ள தரைத்தளமோ, மேல ஒரு மாடியோ கட்டறதுக்கு ஆன்லைன்லயே பிளானை ஏத்தி பணம் கட்டி அனுமதி எடுத்துக்கலாம். உங்க மூணரை சென்ட் 1,500 சதுர அடிக்கு கொஞ்சம் மேல, அதுக்குள்ள அடங்கிடும். ஆனா முறைப்படுத்தாத மனையை முறைப்படுத்தினதுன்னு காட்டி சுயசான்றிதழ் போடாதீங்க, யாராவது இன்ஜினியர் ‘நான் பாத்துக்கறேன்’னு சொன்னாலும் வேண்டாம், அதுல கையெழுத்து உங்களோடது.

ஒரே ஒரு விஷயத்துல அவசரப்பட்டுடாதீங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன். லோன் வரட்டும், அதுக்குள்ள பேஸ்மென்ட்டாவது போட்டுடலாம்னு எழுதியிருந்தீங்க. வேண்டாம். கோடு உங்க மனைக்குள்ள 10 அடி வருதுன்னு பின்னாடி தெரிஞ்சா வீட்டையே கிழக்குப் பக்கம் தள்ளி பிளான் போட்டுக்கலாம், பேஸ்மென்ட் போட்டுட்டா அது முடியாது. இந்த வாரம் தகவல் மனுவைப் போடுங்க, சட்டப்படி 30 நாள்ல பதில் வரணும். வந்ததும் வரைபட நகல், எஃப்எம்பி, பத்திரத்துல மனை அளவு இருக்கிற பக்கம் மூணையும் எனக்கு அனுப்புங்க, கோடு எங்க விழுதுன்னு பென்சில்ல போட்டுத் திருப்பி அனுப்பறேன்.